மருதாணி வைத்த விரல்

மன்னிக்க வேண்டும். மருத்துவம் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாவது வரை படித்துவிட்டு, போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். ஆனாலும் ஒரு விரலை இரண்டு நாள் விடாமல் தொட்டுக்கொண்டிருந்ததால் எழுதுகிறேன்.

என் தங்கை ஜீப்பில் போடிமெட்டு ஏறி எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவள். ஒருநாள் ஆட்களை நெருக்கி ஏற்றிப் பின்கதவை அடித்துச் சாத்தியதில் அவளுடைய வலது கட்டைவிரல் நசுங்கி, அடியோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஏலச்செடியின் தூரில் குனிந்து, விளைந்த காயை மட்டும் கிள்ளியெடுக்கக் கட்டைவிரல் வேண்டும். அதன்பின் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

மதுரையில் ஒரு டாக்டர், கால்விரலை எடுத்துக் கையில் வைக்கலாம் என்றார். அவளுடைய பாதத்தின் மேல் ஒரு சின்னக் கருவியை நகர்த்தினார். உஸ் உஸ் என்று கேட்டது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஓடும் ரத்தக்குழாயாம். சிலருக்கு மேலாக ஓடும், சிலருக்கு ஆழத்தில் கிடக்கும். அதை விரலோடு சேர்த்தெடுத்துக் கையிலுள்ள குழாயோடு தைக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் விரல் செத்துவிடும். தங்கைக்கு நல்ல குழாய். இரண்டாம் விரலை எடுப்பதாக முடிவானது.

திரும்பி வரும்போது பஸ்சில் கேட்டாள்: "கால்விரலு கைக்கு வந்துட்டா, சோறு பெசையும்போது ஒரு மாதிரி இருக்காதாக்கா?"

"கழுவிட்டுத்தான்டி வைப்பாங்க."

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் பெருநாள். "கைக்கு வேணாம், காலுக்கு வச்சுவிடுக்கா" என்றாள். பாசத்தில் பத்து விரலுக்கும் மருதாணியைத் தொப்பி மாதிரி அப்பிவிட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். "யாரும்மா வச்சது?" என்றார். தைத்த விரலில் ரத்தம் ஓடுகிறதா என்பதை நிறத்தை வைத்துத்தான் பார்ப்பார்களாம். நகத்தை அமுக்கிவிட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். இந்தச் சிவப்பில் எதுவும் தெரியாது. தள்ளிவைக்கலாமா என்றார். தங்கை அழுதாள். தொட்டும் ஊசியால் குத்தியும் பார்த்துக்கொள்வோம் என்று ஒத்துக்கொண்டார்.

காலையில் ஆபரேஷனுக்குக் கொண்டு போனவளைப் பொழுது சாய்ந்துதான் வெளியே கொண்டுவந்தார்கள். அதன்பின் மணிக்கு ஒருதரம் நர்ஸ் வந்து விரல்நுனியில் ஊசியால் குத்துவாள். சிவப்பாகத் துளி வந்தால் நல்லது. வரும்போதெல்லாம், "மருதாணியக்கா, ஒங்களால எனக்கு ரெட்டைச் சோலி" என்பாள். இடைநேரத்தில் நான் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே கண் செருகும். திடுக்கிட்டு மறுபடி தொடுவேன்.

இரண்டாம் நாள் மதியம் விரல் கொஞ்சம் குளிர்ந்தாற்போல் இருந்தது. பக்கத்து விரலைத் தொட்டேன், அது சூடு. நர்ஸ் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். மறுபடி கூப்பிட்டால் என்ன சொல்வாளோ என்று கதவு வரை போய்த் திரும்பினேன். தங்கை கண்ணைத் திறந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் நடக்குற? வெரசா போய்க் கூப்புடு."

கூப்பிட்டேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. நர்ஸ் முனகிக்கொண்டே வந்து குத்தினாள். துளி கறுப்பாக வந்தது. அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தங்கையைத் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார். ரத்தம் திரும்புகிற குழாயில் அடைப்பாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று பிறகு சொன்னார். கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான் நின்ற நேரத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குத்தியபோது சிவப்பாக வந்தது. தங்கை இரண்டு இட்லி சாப்பிட்டாள். நான் தரையில் படுத்து மத்தியானம் வரை தூங்கினேன்.