ஈயத்தைப் பிய்த்த கை

எனக்கு எழுபத்தொரு வயசு. வளர்த்தது ஆறு பிள்ளைகள் — பெத்தது நாலு, நாத்தனார் விட்டுவிட்டுப் போனது ரெண்டு. ஆறும் அதது காலில் நிற்கிறது. நானும் இன்னும் என் காலில்தான் நிற்கிறேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால்... இந்த வாரம் சொல்லப்போவது என் பெருமையில் சேராது. அதனால் பெருமையை முதலில் சொல்லி முடித்துக்கொண்டேன்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குச் சோலி கோல்ஃப் மைதானத்தில். பின்பக்கம் ஒரு குழாயடி, ஒரு சிமென்ட் திட்டு, ரெண்டு பக்கெட். ஆடிவிட்டு வருகிறவர்களின் மட்டைகள் அங்கே வந்து சேரும். கழுவித் துடைத்துப் பையில் அடுக்கி அனுப்புவேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது.

கழுவினால் பந்து நன்றாகப் போகுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போகும்.

இரும்பு மட்டையின் முகத்தில் வரிவரியாகக் கோடு வெட்டியிருக்கும், நகம் நுழைகிற அளவுக்கு. அந்தக் கோடுதான் பந்தைக் கவ்வும். கவ்வினால்தான் பந்து சுழன்றுகொண்டு போய், விழுந்த இடத்தில் நிற்கும். கோட்டுக்குள் ஈரப் புல்லும் மண்ணும் அடைத்துக்கொண்டால்? வழுக்கிக்கொண்டு எங்கேயோ போகும். எங்கள் ஊரில் மண்ணோடு போச்சா... காட்டுமாடு மேய்ந்துவிட்டுப் போன சாணியும் சேர்ந்து அப்பியிருக்கும். காய்ந்தால் சிமென்ட்தான்.

வெதுவெதுப்பான தண்ணீர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுகிற லிக்விட், பழைய டூத் பிரஷ். இவ்வளவுதான் வேண்டும். கம்பி நாரைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. கழுத்து வரைக்கும் முக்கி ஊறப் போடக் கூடாது, உள்ளே தண்ணீர் இறங்கினால் ஒட்டு விட்டுப்போகும். பிடிக்கிற ரப்பரையும் துடைக்க வேண்டும், அதில் வேர்வை பிசுபிசு என்று கெடக்கும். கடைசியில் காய்ந்த துணி. சமவெளியில் ஒருநாள் விட்டாலும் பரவாயில்லை. இங்கே மலையில் மேகம் வந்து பைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், மறுநாள் துரு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை மட்டும் செய்திருந்தால் இந்த வாரம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

போன மாதம், மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு வாரம், சனிக்கிழமை போட்டி. மதுரையிலிருந்து ஒரு மில்காரர் வருஷாவருஷம் வருவார். பேர் வேண்டாம். நல்ல மனுஷர்தான் — ஜெயிக்கிற வரைக்கும். அவருக்குப் பை தூக்குகிறவன் பாண்டி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, பந்து எங்கே திரும்பும் என்று அவன் சொன்னால் தப்பாது. 'எனக்குப் பாண்டிதான் வேணும்' என்று ஒரு வாரம் முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவைக்கிறவர்கள் உண்டு. அவன் சோறு அந்தப் பேரில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மில்காரர் ஆடிப் பழகிவிட்டுப் போனதும் பாண்டி பையை என்னிடம் கொண்டுவந்து இறக்கினான்.

"பெரியம்மா, நாளைக்குப் போட்டி. பளபளன்னு இருக்கணும்."

"ஏலே, எங்கிட்ட வந்ததுல எது பளபளன்னு இல்லாமப் போயிருக்கு?"

"அது சரி, ஒங்க வாய்க்குக் கேக்கவா வேணும்" என்று டீ குடிக்கப் போய்விட்டான்.

பதினாலு மட்டை. பதிமூன்றைக் கழுவி வைத்தேன். கடைசி, பந்தைக் குழிக்குள் உருட்டி விடுகிற மட்டை. அதன் முதுகில் சாம்பல் நிறத்தில் ரெண்டு பட்டை ஒட்டியிருந்தது. விரல் அகலம். ஓரமெல்லாம் அழுக்கு ஏறி, ஒரு முனை லேசாகத் தூக்கிக்கொண்டு... கடையில் விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதன் மிச்சம் என்று நினைத்தேன். புதுப் பாத்திரத்தில் ஸ்டிக்கரைப் பிய்க்காமலே புழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நகத்தால் நெம்பினேன். வரவில்லை. தேங்காயெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து மறுபடி நெம்பினேன். வந்தது. பசையைக்கூட விடவில்லை, அழுத்தித் துடைத்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கித்தான் பைக்குள் வைத்தேன்.

பட்டைகளைக் குப்பையில் போடும்போது, சின்னதுக்கு இவ்வளவு கனமா என்று பட்டது. பட்டது... அவ்வளவுதான்.

அது ஈயம். மட்டையின் தலை இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தால் தன் கைக்குச் சரியாக வரும் என்று அவரே பார்த்துப் பார்த்து ஒட்டினது. எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். கேட்டிருக்கலாம். பாண்டி இருபதடி தள்ளித்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருஷம் மட்டை கழுவினவள் மட்டையைப் பற்றி இன்னொருத்தனிடம் கேட்பதா?

மறுநாள் முதல் குழியில் பந்து ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. ரெண்டாவதிலும். மூணாவதிலும். தலை லேசாகிவிட்டதே, கை பழகின வேகத்துக்குப் பந்து எப்படிப் போய்ச் சேரும்? நாலாவது குழியில் மனுஷர் மட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அங்கே நின்றவர்கள் சொன்னது இது:

"இதுல இருந்தது எங்கே?"

"எதுங்க சார்?"

"நடிக்காதே. நேத்து இருந்துச்சு, இன்னிக்கு இல்லை. பை ஒன் கையிலதானே இருந்துச்சு? யாரு சொல்லிப் பிச்சே?"

எதிரில் ஆடினவர் கோயம்புத்தூர்க்காரர். அதற்கு முந்தின மாதம் அவருக்கும் பாண்டிதான் பை தூக்கினான். போதாதா? தோற்கிற மனுஷர் முதலில் மட்டையைப் பார்க்கிறார், அப்புறம் மட்டையைத் தூக்கினவனைப் பார்க்கிறார். தன் கையைப் பார்த்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இந்த முறை அவர் கையில் தப்பில்லை. பாண்டி கையிலும் இல்லை.

"நான் தொடலைங்க சார்" என்று மட்டும் பாண்டி சொல்லியிருக்கிறான். அத்தனை பேர் பார்க்க அவனை அங்கிருந்தே போகச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் வராதே என்று கிளப் செகரட்டரியும் சொல்லிவிட்டார்.

எனக்குக் குழாயடியில் வைத்துத்தான் சேதி வந்தது. கேன்டீன் மேரி சொன்னாள்: "பாண்டி காசுக்கோ எதுக்கோ அந்த சார் மட்டையில இருந்த ஈயத்தைப் பிச்சுட்டானாம்க்கா. பாக்க எப்படி இருந்தான்..."

நான் என்ன செய்தேன்? பக்கெட் தண்ணீரை மாற்றினேன்.

நாலாவது குழிக்கு நடந்தால் அஞ்சு நிமிஷம். நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன். திங்கட்கிழமை வெள்ளனே செகரட்டரி ரூமுக்குப் போய், பிய்த்தது நான்தான் என்றேன். அதற்குள் மில்காரர் மலை இறங்கி மதுரை போய்ச் சேர்ந்துவிட்டார்.

செகரட்டரி சிரித்தார். "நீங்களா ஆரோக்கியம்மா? நீங்கன்னா அழுக்குன்னு நெனச்சுப் பிச்சிருப்பீங்க. விடுங்க, விடுங்க."

ஒரே காரியம். நான் செய்தால் சுத்தம், அவன் செய்தால் துரோகம். மரியாதையில்கூட இப்படி ஒன்று இருக்கிறது பாருங்கள்... அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

பாண்டியை வரச் சொல்லிவிட்டார்கள். வந்தான். யூகலிப்டஸ் மரத்தடியில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நிற்கிறான். அவனுக்கு அப்புறம் வந்தவனெல்லாம் பை தூக்கிக்கொண்டு போகிறான். அவனை யாரும் கூப்பிடுவதில்லை. அவனைக் கேட்டு போன் வருவதும் நின்றுவிட்டது.

ஒருநாள் நானே அவனிடம் போனேன்.

"ஏலே பாண்டி, பை எங்கிட்ட வந்துச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்புவாங்களாக்கும்? வயசான பொம்பள மேல பழியப் போடுறான்னு அதுக்கு வேற தனியா திட்டு வாங்கணும்."

"நான்தான் ஆபீஸ்ல சொல்லிட்டேனே."

"நீங்க ரூமுக்குள்ள சொன்னீங்க பெரியம்மா. என்னைய வெட்டவெளியில வச்சுல்ல திட்டுனாங்க."

ஆமாம் என்றேன். நான் அப்படி ஒத்துக்கொள்வது அபூர்வம். அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கி வந்தான்.

"வாரா வாரம் பேப்பர்ல எழுதுறீங்கல்ல? எங்க மாமனார் வீட்டு ஆடு மூணு குட்டி போட்டதைக்கூட எழுதினீங்க. இதையும் எழுதுங்க."

சரி என்றேன். சொல்லி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் பூம்பாறைப் பூண்டைப் பற்றி எழுதினேன். அடுத்த வாரம் ஆயக்குடிக் கொய்யா. போன வாரம் பழனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டை. மூன்றுமே நன்றாக இருந்தது என்று நிறையப் பேர் சொன்னீர்கள். நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட வேண்டுமென்றால் மற்றதையெல்லாம் எவ்வளவு அழகாகச் சொல்ல வருகிறது!

இப்போது சொல்கிறேன். அந்த ஈயத்தைப் பிய்த்தது நான்தான். பாண்டி அதைத் தொடவில்லை, நான் பிய்த்ததைப் பார்க்கவில்லை, யாரும் அவனைப் பிய்க்கச் சொல்லவுமில்லை. மதுரை ஐயா, உங்கள் வீட்டுக்கு இந்தப் பேப்பர் வருகிறது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். நீங்கள் தோற்றதற்குக் காரணம் நான். என்னைத் திட்ட வேண்டுமென்றால் குழாயடிக்கு வாருங்கள், வெள்ளனே வந்தால் கூட்டம் இருக்காது. பாண்டியிடம் பேச வேண்டுமென்றால் கூட்டம் இருக்கும்போது வாருங்கள்.

இப்போதெல்லாம் மட்டையில் என்ன ஒட்டியிருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். முந்தாநாள் ஒருத்தரிடம் காட்டி இது என்னங்க என்று கேட்டேன். சூயிங்கம் என்றார். பரவாயில்லை, கேட்டேன்.

எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி ஜெனி. 'நான்தான்' என்று வருகிற இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"'தெரியாம'ன்னு முன்னாடி ஒரு வார்த்தை சேத்துக்கவா அம்மாச்சி?"

வேண்டாம் என்றேன். அது செகரட்டரி ஏற்கனவே சேர்த்துக்கொடுத்த வார்த்தை.

ஏ ஜெனி, இதை மேலேயிருந்து ஒருதரம் வாசி. கொஞ்சம் சத்தமாவே வாசி — பாண்டி வெளியே நிக்கிறான், அவன் சரின்னு சொன்ன பெறகு அனுப்பு.