பெட்டியில் கை வைத்தவள்

ஹருயோவைப் பற்றி, வடக்கு ஜப்பானில் எங்கள் நோஷிரோ ஊரில் யாரைக் கேட்டாலும், "பாவம், வாயில்லாப் பூச்சி" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அவள் கடையை ஒட்டியதுதான் என்னுடைய முடிவெட்டும் கடை. அந்த வாயில்லாப் பூச்சிக்குள் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்று எனக்கல்லவா தெரியும்!

அவளும் புருஷன் எய்சாகுவும் நடத்தியது ஜாஸ் காபிக் கடை. ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு இசைத்தட்டுக் கேட்கிற இடம். தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிகிறவரை யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. மூத்திரம் முட்டினாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒரு தடவை நான் தும்மித் தொலைத்துவிட்டேன். ஏதோ கொலை செய்தவளைப் பார்ப்பதுபோல் எய்சாகு என்னைப் பார்த்தார்.

சுவரோரம் ஆள் உயரத்துக்கு இரண்டு ஹார்ன் ஸ்பீக்கர்கள் நிற்கும். மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து வந்த பழைய சாமான். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மரப்பெட்டி. கனத்த ஓசையைக் கீழே பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய ஓசையை மேலே புனல்போல் விரிந்த ஹார்னுக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர் அது. 'எய்சாகுவின் பெட்டி' என்று அதற்குப் பேரே உண்டு. அதைக் கேட்கவென்று அகிதாவிலிருந்தும் செண்டாயிலிருந்தும் ரயில் பிடித்து வருவார்கள்.

எய்சாகுவின் பெட்டியாம்! உள்ளே இருந்த செப்புக் கம்பிக் காயில் அத்தனையும் சுற்றியது ஹருயோ. கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோ தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் வேலை. புதுப்பெண்ணாக வந்தவளைச் சமையலறையில் உட்காரவைத்துச் சுற்றச் சொன்னார் அந்த மனுஷன். மூடியைப் போட்டுத் திருகிய பிறகு, "இனிமே இதுல கை வைக்காதே" என்றார். அதோடு சரி. அவர் உயிரோடு இருந்தவரை அவள் காபி போட்டாள், கோப்பை கழுவினாள். ஓசையைக் கூட்டிக் குறைக்கும் திருகைக்கூட அவள் தொட்டதில்லை.

பேரரசர் காலமான அதே குளிர்காலத்தில் எய்சாகுவும் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்குக் கமாதா வந்தான். சாக்கே விற்கிற மதுக்கடைக்காரன். எய்சாகுவின் தோழன், அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவான். ஏதோ ஒலிபெருக்கிப் பத்திரிகையில் எழுதுவதால், ஊரிலேயே தனக்குத்தான் காது இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்கு. ஊதுபத்திப் புகை அடங்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, அந்தப் பெட்டி ரெண்டையும் எங்கிட்ட குடுத்துடுங்க. உங்ககிட்ட இருந்தா தூசிதான் பிடிக்கும். மாஸ்டர் ஆத்மா தாங்காது."

"யோசிக்கிறேன்" என்றாள் ஹருயோ. ஊறுகாய்த் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். நானாக இருந்தால் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அவள் கொடுக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அவன் பத்திரிகையில் எழுதினான்: 'மாஸ்டர் போனார், கடை ஊமையாகிவிட்டது. அதே பெட்டி, அதே ஸ்பீக்கர். ஆனால் விதவையின் கைக்கு ஒலி பிடிபடவில்லை.' படுபாவி! மாஸ்டர் இருந்தபோது அதே மந்தமான சத்தத்தைத்தான் 'முதிர்ந்த ஒலி' என்று மெச்சிக்கொண்டிருந்தான். ஆனாலும் படித்தவர்கள் நம்பினார்கள். ரயிலில் வந்த கூட்டம் நின்றது. அடுத்த குளிர்காலம் வருவதற்குள் உள்ளூர் ஆட்களும் நின்றார்கள். காபிக்கொட்டை வறுத்த வாசனை தெருவரை வரும், உள்ளே ஈ ஓட்ட ஆள் இருக்காது. இப்படியே போனால் வசந்தத்துக்குள் கடையை மூட வேண்டியதுதான்.

"அழுதுடுக்கா, மனசு லேசாகும்" என்றேன் ஒரு நாள்.

"அழவா? அவன் இதே கடையில, இதே நாற்காலியில, நாலு பேர் முன்னாடி மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியாம உக்காரணும்டி. அதைப் பார்த்துட்டுத்தான் கடைய மூடுறதா வேண்டாமான்னு யோசிப்பேன்."

மறுநாள் இடப்பக்கத்துப் பெட்டியைக் கீழே இறக்கி மூடியைக் கழற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். காயில்கள் அவள் சுற்றியபடியே மினுமினுப்பாக இருந்தன. கண்டன்சர்கள்தான் காய்ந்து, மெழுகு வழிந்து, ஒன்று வயிறு வெடித்துக் கிடந்தது.

"இது இன்னிக்கு நேத்து செத்ததில்லடி" என்றாள். "அவரு இருக்கும்போதே செத்துடுச்சு. அவரும் அந்தக் கமாதாவும் பிணத்து முன்னாடி உக்காந்துதான் ஆகா ஓகோன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கானுங்க."

இரண்டு பெட்டிகளிலிருந்தும் காயில்களை மட்டும் பிரித்தெடுத்து, புதுக் கண்டன்சர்களோடு வேறு இரண்டு பலகைகளில் பொருத்தி, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தாள். வருஷக்கணக்காகக் கோப்பை கழுவிய விரல்களுக்குப் பழைய வேலை மறக்கவில்லை. முதல் தடவை தட்டுப் போட்டபோது எனக்குப் பல் கூசியது.

"எப்படிடி இருக்கு?"

"பாத்திரக் கூடையைப் படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்கு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பழசுல அடைப்பு இருந்துச்சு. அந்த அடைப்பே ஹார்னைக் கட்டிப்போட்டிருந்துச்சு. புதுசு முழுசா திறந்துவிடுது. இனி ஹார்னோட வாயை நாமதான் அடக்கணும்" என்று, ஹார்னுக்குப் போகிற வழியில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தாள். சரிவரவில்லை. எடுத்துவிட்டு வேறொன்று. பனியை வாரிக் கொட்டுவதும் ரெசிஸ்டரை மாற்றுவதுமாகவே அந்தக் குளிர்காலத்தில் பாதி போயிற்று. பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எனக்கு ஜாஸ் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் அன்று ஊதுகிறவன் மூச்சை இழுத்தது என் காதருகே கேட்டது. எழுந்திருக்க மனம் வரவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் பாதி முகச் சவரத்தோடு காத்திருந்ததையே மறந்துவிட்டேன்.

புதுப் பலகைகளை ஸ்பீக்கருக்குப் பின்னால் திரை போட்டு மறைத்தாள். பழைய பெட்டிகளைத் துடைத்து முன்போலவே மேலே வைத்தாள். அவற்றிலிருந்து தொங்கிய கம்பிகள் எதிலும் சேரவில்லை, திரைக்குப் பின்னால் சும்மா கிடந்தன.

"பிணத்தை எதுக்குக்கா திரும்பத் தூக்கி வைக்கிறே?"

"ஆள் வரணும்ல."

எய்சாகுவின் முதலாண்டு நினைவு நாளுக்குக் கமாதாவைக் கூப்பிட்டாள். பெட்டிகளைக் கொடுத்துவிடுவதாகவும், கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு எடுத்துப் போகலாம் என்றும் சொல்லியனுப்பினாள். சும்மா இருப்பானா? பத்திரிகை நண்பர்களையும் பழைய வாடிக்கையாளர்களையும் திரட்டிக்கொண்டு, பெட்டிகளைச் சுற்றக் கம்பளியும் எடுத்துக்கொண்டு வந்தான். நடு நாற்காலியில் உட்கார்ந்தான். எய்சாகுவின் நாற்காலி அது.

முதல் பக்கம் ஓடி முடிந்தது. கமாதாவின் கண்ணில் தண்ணீர். எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டான்.

"கேட்டீங்களா? இதுதான் மாஸ்டர்! பழைய கண்டன்சர் இல்லாம இந்த இனிமை வராது. பெட்டிக்கு இன்னும் உயிர் இருக்கு. நம்ம கிட்ட வரப்போறது தெரிஞ்சு பாடுது பாருங்க. அண்ணி, நல்லவேளை, இதுல நீங்க கை வைக்கல!"

ஹருயோ தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். தட்டைத் திருப்பி முள்ளை வைத்தாள். இரண்டாம் பக்கம் தொடங்கியது. இனி யாரும் பேச முடியாது, எழ முடியாது.

பிறகு அவள் நிதானமாக நடந்துபோய் இடப்பக்கத்துப் பெட்டியைத் தூக்கினாள். அறுந்த வால்போல் கம்பி பின்னால் இழுபட்டு வந்தது. பாட்டு நிற்கவில்லை. ஒரு சொட்டு ஓசை குறையவில்லை. பெட்டியைக் கமாதாவின் மேசையில், அவன் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். வலப்பக்கத்துப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டின் மூடியையும் திறந்தாள். உள்ளே காயில்கூட இல்லை, செத்த கண்டன்சர்கள் மட்டும். திரையையும் விலக்கிவிட்டுப் போய்க் கோப்பை கழுவ ஆரம்பித்தாள்.

கமாதாவின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. வாசலைப் பார்த்தான். எழுந்திருந்தால், ஆயுள் முழுக்க அவன் கட்டிக்காத்த சட்டத்தை அவனே மீற வேண்டும். நண்பர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். சிரிக்கவும் முடியாதே! எனக்கு வயிறு வலித்தது. பக்கம் முடிகிறவரை, அவ்வளவு நேரமும், அவன் அந்தப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தான்.

அவள் முள்ளைத் தூக்கியதும் எழுந்து ஓடப் பார்த்தான்.

"கமாதா ஸான், கேட்டதை எடுத்துக்காம போறீங்களே" என்றாள் ஹருயோ. "உயிர் இருக்குன்னு சொன்னீங்க. வெளியே பனி கொட்டுது. நல்லா போத்திக் கொண்டு போங்க."

அப்போதுதான் அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் வெடித்தது. அவன் கம்பளியைச் சுற்றினான், தூக்கினான், போனான். கூட வந்தவர்கள் யாரும் போகவில்லை. இன்னொரு காபி கேட்டார்கள்.

"மனசு ஆறிச்சாக்கா?" என்றேன்.

"பாதி" என்றாள். சுவரில் எய்சாகுவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை முறைத்துவிட்டு, வேறு தட்டை எடுத்துப் போட்டு, திருகில் கை வைத்து ஓசையை நன்றாகக் கூட்டினாள். பிறகு போய் அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். காபியை நான்தான் போட வேண்டியிருந்தது.