சந்து வழியா வாங்க, பெரியப்பா

பாரிவாக்கத்தில் பெரியப்பா வீட்டு முன்கதவு தேக்கு. நிலையின் மேல்சட்டத்தில் இரண்டு யானைகள் தும்பிக்கையை உயர்த்தி நிற்க, நடுவில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் பெரியம்மா அந்த நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். அந்தக் கதவு என் அம்மாவின் முகத்துக்கு நேராக மூடப்பட்ட காலைதான் எனக்கு நினைவு தெரிந்த முதல் காலை. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள். கடைக்குப் போன அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பெரியப்பா கதவில் ஒரு கை வைத்தபடி நின்றார். கோபமாகக்கூட இல்லை. "இனிமே இப்டி வராதம்மா. காலைல நாங்க வேலைக்குக் கெளம்பற ஊடு. சந்து வழியா போய்க்கோ," என்றார். பிறகு கதவைச் சாத்தினார், சத்தம் வராமல், மெதுவாக.

அந்த வீட்டை அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து கட்டினார்கள். அப்பா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து சைக்கிளில் வந்து, சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, இருட்டும்வரை புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவாராம். பத்திரம் மட்டும் பெரியப்பா பெயரில். அண்ணன் பெயரில் இருந்தால் என்ன, தன் பெயரில் இருந்தால் என்ன என்பது அப்பாவின் எண்ணம். பூந்தமல்லி சாலையில் ஒரு லாரி அந்தச் சைக்கிளைத் தட்டியபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை.

தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது என்ற வழக்கமெல்லாம் எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் இருந்ததே இல்லை. தாத்தா காலம்வரை மற்றவர் வயலில் நாற்று நட்டவர்கள் நாங்கள். கணவன் செத்த மறுவாரம் பெண்கள் வயலில் இறங்கியாக வேண்டும். யார் எதிரே வந்தார்கள் என்று பார்க்க யாருக்கு நேரம்? பெரியப்பா ஆவடியில் நிரந்தர வேலைக்குப் போன பிறகு, பேன்ட் போட்டுக்கொண்டு நாலு பெரிய மனிதர் வீட்டுப் படியேறி, அங்கிருந்து எடுத்து வந்த கௌரவம் அது. அதைக் காட்டிப் பார்க்க அவருக்குக் கிடைத்தவள் என் அம்மா.

சந்து என்பது வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம். குளியலறைத் தண்ணீர் அதில்தான் ஓடும். அம்மா ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறுகையில் குடத்தோடு அதில் நடப்பாள். அதன் முடிவில் தவிட்டு மூட்டை போட்டு வைக்கக் கட்டிய சிமென்ட் ஷீட் அறை ஒன்று இருந்தது. அதுதான் எங்கள் வீடு. எனக்கு மட்டும் முன்கதவில் தடை இல்லை. "நீ இப்டி வா கண்ணு, நீ இந்த ஊட்டுப் பொண்ணு," என்று பெரியப்பா கூப்பிடுவார். நான் போனதில்லை. அம்மாவுக்குப் பின்னால் சந்திலேயே நடப்பேன். அவர் சிரிப்பார்: "ஆத்தாளாட்டமே ரோசம் பாரு இதுக்கு."

நான் தாவணி போட்ட வருடத்தில் அவர் மகளை, என் அக்காவை, நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அம்மா விடியலிலிருந்து அடுப்படியில் நின்றாள். சாம்பார், வடை, கேசரி எல்லாம் அவள் கை. பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். சுற்றிலும் அம்மாவைத் தேடினேன், காணவில்லை. இலையை விட்டு எழுந்து பின்பக்கம் போனேன். எங்கள் அறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. திறந்தால், உள்ளே அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வடைமாவு காய்ந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும் "சாப்ட்டியா?" என்றாள். எனக்குப் பின்னாலேயே பெரியப்பா வந்து நின்றார். "அவங்க கெளம்பற வரைக்கும்தான கண்ணு. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று சொல்லி, என் தலைக்கு மேலே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் திரும்பவும் போட்டார்.

அந்த வாரமே நாங்கள் வெளியேறினோம். அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அம்மா காலர் தைத்தாள். நான் வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரி முடித்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டேன். இத்தனை வருடத்தில் அம்மா பெரியப்பாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். நான் மறக்கவில்லை. அலுவலகத்தில் யாராவது கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால்கூட என் தாடை இறுகும்.

பெரியம்மா இறந்தபின் பெரியப்பா வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்தார். அந்த அண்ணன் முகப்பேரில் ஒரு ஃபிளாட் வாங்கி அவரையும் கூட்டிக்கொண்டு போனான். படுக்கையறைகள் அவனுக்கும் பிள்ளைகளுக்கும். அவருக்கு ஹாலில் ஒரு சோபா. பாரிவாக்கம் வீட்டை விற்கப்போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே அவனுக்கு போன் செய்தேன். வாங்குவது நான் என்பதில் அவனுக்கு ஒரு தயக்கமும் இல்லை. தன் அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. "யாரோ கம்பெனிக்காரங்கன்னு சொல்லிட்டேன்மா, எதுக்கு வம்பு," என்றான். வேறு எங்காவது காலி மனையாகப் பார்க்கலாமே என்று என் கணவர் கேட்டார். எனக்கு மனை வேண்டாம், அந்த வீடு இடிய வேண்டும் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இடிக்கிற காண்ட்ராக்டர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "முன்னாடி நல்லா ஸ்ட்ராங்கா கீது மேடம். பின்னாடி மட்டும் தட்டிட்டு மேல ஒரு மாடி ஏத்திக்கலாமே?" என்றார். ஒரு செங்கல்கூட நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முதலில் தேக்கு நிலையைப் பெயர்த்து மணலில் சாய்த்து வைத்தார்கள். பொக்லைன் வந்து நின்றது. தூசி அடங்க எங்கும் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள்.

எப்படியோ செய்தி தெரிந்து பெரியப்பா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கைத்தடி வைத்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். முன்வாசலில் என்னைக் கண்டதும் அவர் வாய் திறந்தது. "நீயா வாங்கன கண்ணு?" நான் ஆமாம் என்றேன். கதவிருந்த இடம் வெறும் ஓட்டையாகத் திறந்து கிடந்தது. அதை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். எத்தனையோ வருடங்களாக என் நாக்கின் அடியில் கிடந்த சொற்கள் அவை. "இப்டி வேணாம். சந்து வழியா வாங்க, பெரியப்பா."

அவருக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒருக்களித்து, சேற்றில் தடியை ஊன்றி ஊன்றிப் போனார். நான் பின்னாலேயே நடந்தேன், கை கொடுக்கவில்லை. இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சந்தின் முடிவில் அம்மா இருந்தாள். அவர் வருவதை முழுவதும் பார்த்திருக்கிறாள். வயதான மனிதரை இப்படி நடக்க வைத்தாயே என்று என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் பாதங்களைப் பார்த்து, "காலு நனஞ்சிட்டுதா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியப்பா முன்பக்கமாகக் கையைக் காட்டினார். "அந்த நெலைய மட்டும் எனக்குக் குட்த்துடும்மா. ஆசையா பாத்து வாங்கனது," என்றார்.

"தாராளமா எடுத்துக்கினு போங்க மாமா. எந்த ஊட்ல வெப்பீங்க?"

அம்மாவின் குரலில் மரியாதை குறையவே இல்லை. அவர் தடியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு வந்த வழியே போனார். அம்மா பொக்லைன்காரரைக் கைகாட்டி அழைத்து, தவிட்டு அறையைச் சுட்டினாள். "மொதல்ல இத்த எடுப்பா." ஒரே தட்டில் விழுந்தது. நிலையைக் காண்ட்ராக்டரே பழைய மரக்கடைக்கு ஏற்றிவிட்டார்.

புது வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மாவே முகப்பேர் போய்ப் பெரியப்பாவை அழைத்துவிட்டு வந்தாள். அன்று வாசலுக்கு எதிரே முதல் நாற்காலியில் அவரை உட்கார வைத்ததும் அவள்தான். விளக்கை ஏந்தி முதலில் உள்ளே போக ஒரு சுமங்கலியைக் கூப்பிடலாமே என்று உறவில் யாரோ முணுமுணுத்தார்கள். ஐயர் யாரையும் பார்க்காமல் நின்றார். அம்மா நேராக வந்து குத்துவிளக்கை எடுத்து ஏந்தினாள். பெரியப்பாவின் கண்ணுக்கு நேராக, முன்வாசல் வழியாக, எல்லோருக்கும் முன்னால் வலது காலை வைத்து உள்ளே போனாள். பிறகு அவருக்குத் தன் கையாலேயே வடை பரிமாறினாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அம்மா மாதம் ஒருமுறை கோயிலில் பெரியப்பாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வதைத் தற்செயலாகத்தான் கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை போட்டேன். அந்த ஆளுக்கா, அவர் செய்ததையெல்லாம் மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

அம்மா விபூதிப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"ஆயுசு கெட்டியா இருக்கணும்னு வேண்டிக்கினேன். அந்தச் சோபாவுல அவரு இன்னும் ரொம்ப வருசம் ஒக்காந்துகினு கெடக்க வேணாமா?"