நான் கொடுக்காத சீட்டு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்தவள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. இரண்டு பேருக்கும் பதினெட்டு வயது. நான் பிளஸ் டூ பாஸ், அவள் பத்தாவது ஃபெயில். ஆனாலும் தையல் பகுதிப் பெண்கள் நாங்களாகவே ஒரு குழு ஆரம்பித்தபோது, தலைவியாக எல்லோரும் அவளைத்தான் கைகாட்டினார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாதவிலக்கு என்று வாய்விட்டுச் சொல்லவே கூசுவோம். அவளோ நேராக மேனேஜர் அறைக்குள் போனாள். "சார், அந்த நாள்ல துணி மாத்தக்கூட எங்களுக்கு எடம் இல்ல. தாழ்ப்பாள் போட்ட ரூம் ஒண்ணு வேணும். சனிக்கிழமையில ஒரு நர்ஸ் வந்து எங்க சந்தேகத்துக்குப் பதில் சொல்லணும்" என்றாள். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சரி சரி என்றார். அவள் நீட்டிய மனுவை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தவள் நான். பாராட்டு மொத்தமும் அவளுக்கு!

எனக்குக் கிடைத்த பெரிய பதவி, கேள்விப் பெட்டியைத் திறப்பது. பெண்கள் பெயர் போடாமல் எழுதிப் போடும் சீட்டுகளை எடுத்து நர்ஸிடம் கொடுப்பேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, எல்லோர் முன்னாலும் படித்துப் பதில் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை வந்த சீட்டு, தோல் கட்டோடு எங்களுக்குத் தரும் வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. "நான் இன்னும் வயசுக்கு வரல. ஊர் பேசுதுன்னு எங்கம்மா பதினஞ்சு வயசுல பொய்யா சடங்கு சுத்திட்டாங்க. இப்ப கல்யாணம் பேசுறாங்க. நான் இன்னா பண்றது?" திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் சூப்பர்வைசர் எழுதிய டோக்கன் நம்பர்; கம்பெனியில் ஆளுக்கு ஒரு நம்பர். அவளுடையது.

அந்தச் சடங்கு ஆல்பத்தைக் கம்பெனிக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். பட்டுப் புடவை, தலை கொள்ளாத பூ. எங்கள் வீட்டில் எனக்கு அப்படி எதுவும் செய்யவில்லையே என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அதெல்லாம் பொய்யா! சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான். அந்த நாளைப் பற்றி எங்களுக்காகப் பேசுகிற லட்சணத்தைப் பார்!

நாலு பேரிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. சீட்டை மடித்து டிபன் பையில் போட்டுக்கொண்டேன். பதில் கிடைக்காமல் கிடக்கட்டும் என்றுதான். நர்ஸ் ஒவ்வொரு சீட்டாக எடுக்க எடுக்க, அவள் முகம் வெளிறிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவ்ளோதானா? வேற சீட்டு இல்லியாடி?" என்று கடைசியில் கேட்டாள்.

"அவ்ளோதான்."

மறுபடி அவள் எழுதவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிறவளுக்குத் தனக்கென்று வந்தபோது வாய் வரவில்லை. தை மாதம் குடியாத்தத்தில் கல்யாணம் நடந்தது. ஆறே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். பொய் சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புருஷன் வீட்டில் தெருவுக்கே கேட்கக் கத்தினார்களாம்.

ஒரு சாயந்தரம் கம்பெனி வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"வேலூர்ல டாக்டர்கிட்ட காட்டினேன்டி. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மான்னு கேட்டாங்க" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கி அவசரத்துல நம்பர் இருக்குற சீட்டுல எழுதிப் போட்டுட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, உயிரே போய்டுச்சு. சிஸ்டர் அதத் தூக்கிப் பிடிச்சிருந்தா எல்லாரும் நம்பரப் பாத்திருப்பாங்க. நீ மறைச்சிட்டே. எம்மானத்தக் காப்பாத்திட்டே. உன்ன மாதிரி ஒரு தோஸ்த் யாருக்குடி கெடைப்பா?"

மெல்லக் கையை விடுவித்துக்கொண்டேன். இவ்வளவு பட்ட பிறகும் ஒருத்தியை நல்லவள் என்று நம்ப அவளால் முடிகிறதே என்று, அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.