கமலேஸ்வரியின் வாக்கி-டாக்கியும் என் பொறாமையும்

நண்பர்களே, கமலேஸ்வரி மறைந்த செய்தி எனக்கு முதலில் வரவில்லை. அவருடைய கணவர் யோகநாதன் முதலில் கூப்பிட்டது நம் சேகரனை. கிள்ளானில் நான் வாழையிலை வாங்கிக்கொண்டு நின்றபோது சேகரன் கைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, கமலா அக்கா போயிட்டாங்க.”

“உனக்கு யாரு சொன்னா?” என்றுதான் முதலில் கேட்டேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது. அந்த நேரத்திலும் எனக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நான் எழுதினால், அவரே நம்பமாட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர் கமலேஸ்வரி. நான் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்கிறவன். பொழுதுபோக்காக அலைவரிசையில் பேசுகிறவர்களுக்கான அமெச்சூர் வானொலித் தேர்வை இருவரும் ஒரே நாளில் எழுதி, உரிமமும் ஒன்றாகத்தான் வாங்கினோம். நான் உடனே கடைக்குப் போய், வண்ணத்திரையும் நூற்றுக்கணக்கான அலைவரிசைகளைச் சேமிக்கும் வசதியும் உள்ள புதுக் கருவியை வாங்கினேன். அவர் நம் வானொலிக் குழுவின் சந்திப்புக்குக் கொண்டுவந்தது, மூடப்பட்ட ஒரு பாதுகாவல் நிறுவனத்திடமிருந்து வாங்கிய பழைய வாக்கி-டாக்கி. திரை இல்லை, எண் பொத்தான்கள் இல்லை. தலையில் ஒரு திருகுக் குமிழ். அதில் பதினாறு சேனல். அவ்வளவுதான்.

“இது வாசல்ல காவல் நிக்கிற ஜாகா கையில இருக்க வேண்டியது லா,” என்று நான் சிரித்தேன்.

“ஜாகா கையில இருந்தா கீழ விழும், மழையில நனையும். மறுநாளும் பேசும். எனக்கு அது போதும் அண்ணே,” என்றார்.

அதை நம் அலைவரிசைக்குக் கொண்டுவர அவர் பட்ட பாட்டை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கருவியில் நேரடியாக எதையும் மாற்ற முடியாது. கேபிள் போட்டுக் கணினியில் இணைக்க வேண்டும். அதற்கான பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஓடாது. யாரோ வீசவிருந்த ஒரு பழைய மடிக்கணினியைத் தேடிப் பிடித்தார். முதல் வேலையாக, அந்த நிறுவனத்தின் சேனல்கள் அத்தனையையும் அழித்தார். “கை தவறிக்கூட அதுல பேசிடக் கூடாது. அது நம்ம இடம் இல்ல,” என்றார். பிறகுதான் நம்முடைய அலைவரிசைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்.

மறுநாள், நாம் தினமும் அலைவரிசையில் கூடி ஒவ்வொருவராகப் பேசும் காலைச் சுற்றில் அவர் பேசினார். மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் அவர் குரலை வாங்கித் திருப்பி அனுப்பியபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒருவர், “அக்கா, என்ன ரேடியோ அது? சூப்பரா இருக்கு!” என்றார். என் புதுக் கருவியைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குத் தொடங்கியது என் பொறாமை.

பத்துமலையில் அது முற்றியது. தைப்பூசத்தில் காணாமல் போகிறவர்களைத் தேட நாம் உதவிக்குப் போன ஆண்டு, என் அப்பாவும் உடன் வந்திருந்தார். அப்போதே அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. என் மனைவி பால்குடக்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிய நேரத்தில் அவரைக் காணவில்லை. நான் ஆற்றங்கரைப் பக்கம் நின்று ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தேன். காவலர், தொண்டர், கடைக்காரர் என்று சுற்றிலும் எல்லார் கையிலும் வாக்கி-டாக்கி. அத்தனை அலைகளும் நெருக்கியதில் என் கருவியின் காது அடைத்துப்போனது. கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கமலேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. அவருடையது தொழிலுக்கென்றே செய்த கருவி. வேண்டாத அலைகளை வெளியே நிறுத்திவிடும். காலணி வைக்கும் இடத்தருகே ஒரு பெரியவர் கிள்ளான் போக பஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம் ஆள் ஒருவர் சொன்னது அவருக்கு மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார். பதில் வராததால் அவரே போய், அப்பாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அப்பாவின் கையை நான் வாங்கிக்கொண்டேன். “ரொம்ப நன்றி கமலா,” என்றேன்.

“என்கிட்ட சொல்லாதீங்க அண்ணே, இதுகிட்ட சொல்லுங்க,” என்று அந்த வாக்கி-டாக்கியை நீட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதன்பிறகு அப்பா என் பெயரை மறந்த நாட்கள் உண்டு. “அந்த ரேடியோ பொண்ணு வரலையா?” என்று கேட்காத நாள் இல்லை.

சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் அவர் காலைச் சுற்றை விடவில்லை. மையத்துக்குள் கருவியை அணைத்துவிடுவார். யோகநாதன் காரை எடுத்துவரும் வரை வாசலில் நின்று பேசுவார். ஒரு கட்டத்தில், அதுவரை தான் நடத்திவந்த சுற்றின் பொறுப்பைச் சேகரனிடம் கொடுத்தார். குழுவில் அவரோடு சேர்ந்தே வந்த மூத்தவன் நான். பொறுக்கமுடியாமல் பிரிக்பீல்ட்ஸுக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

“ஏன் கமலா, நான் கண்ணுக்குத் தெரியலையா?”

“உங்களுக்கு வேற வேலை இருக்கு,” என்றார். “எனக்குச் சத்து குறையுது. குரல் எப்படி விழுதுன்னு கேட்டா, எல்லாரும் ‘நல்லா இருக்கு அக்கா’ன்னு சொல்றாங்க. பாசத்துல சொல்றாங்க. நீங்க சொல்லமாட்டீங்க.”

“நான் மட்டும் என்ன?”

“உங்களுக்கு என் ரேடியோ மேல பொறாமை அண்ணே. குறை இருந்தா விடவே மாட்டீங்க. எனக்கு உண்மை தெரியணும். தெரிஞ்சாத்தான் எப்ப நிறுத்தணும்னு தெரியும்.”

அன்றிலிருந்து தினமும் உண்மையைச் சொன்னேன். “இன்னிக்குக் கடைசி வாக்கியம் விழல.” “மைக்கைக் கிட்ட வச்சுப் பேசுங்க.” “பாதிதான் புரிஞ்சது கமலா.” உங்களில் சிலர் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும், “நன்றி அண்ணே,” என்றார்.

கடைசியாக அவர் பேசிய காலையில் கருவியில் குறை இல்லை. அலை முழுதாக வந்தது, குரல்தான் வரவில்லை. மூச்சும், நடுவில் ஓரிரு சொற்களும். நான் பொத்தானை அழுத்தினேன்.

“கமலா, ரேடியோ நல்லா இருக்கு. நீங்கதான் களைச்சுட்டீங்க. போதும்.”

“சரி அண்ணே,” என்றார். அது தெளிவாகக் கேட்டது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் காரியங்கள் முடிந்ததும், யோகநாதன் அந்த வாக்கி-டாக்கியைச் சேகரனிடம் கொடுத்தார். சுற்றை நடத்துகிறவர் அவர்தான், சரியான முடிவு. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

உங்கள் எல்லாரிடமும் கமலேஸ்வரியின் கணீர்க் குரல் இருக்கிறது, அதை நினைத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போய் அவர் சொன்ன அந்தச் “சரி அண்ணே” எனக்குச் சொன்னது. அதை நான் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.