டொரெட்டா பலகை விற்பதில்லை

டொரெட்டாவின் வீட்டு முகப்பில் 'வீடு விற்பனைக்கு' என்ற அட்டை தொங்க ஆரம்பித்ததிலிருந்து, எதிர்ச்சாரியில் ரம் கடை வைத்திருந்த கிளைடுக்கு நன்றாகப் பொழுது போனது. காலையில் கடையைத் திறந்ததும் ஒரு குரல் கொடுப்பான்.

"என்ன டொரெட்டா, இன்னும் போணியாகலையா?"

"உன் ரம் மாதிரி கண்டவனுக்கும் ஊத்திக் குடுக்க முடியுமா? வீடுய்யா இது!"

பார்படோஸில் வீடு ஒருவருக்கு, அது நிற்கிற இடம் இன்னொருவருக்கு என்று இருப்பது சாதாரணம். டொரெட்டாவின் மரவீடும் கல் அடுக்கின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. இடத்துக்காரர் கிளம்பு என்றால் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். இப்போது இடத்துக்காரர் கிளம்பச் சொல்லிவிட்டார். அங்கே ஹோட்டல் வரப்போகிறது. கரும்பு அறுவடைத் திருவிழா முடிந்ததும் புல்டோசர் வரும், அதற்குள் போகாத வீடு விறகுதான். டொரெட்டாவுக்கு மகளின் கான்கிரீட் வீட்டில் ஓர் அறை இருந்தது. வீட்டுக்குத்தான் போக்கிடம் இல்லை.

அந்த வரிசையில்தான் கிளைடின் வீடும் இருந்தது. அவன் அதை ஒரே மத்தியானத்தில், பழைய வீடுகளைப் பிரித்துப் பலகையாக விற்கும் பலகைக்காரனுக்குத் தள்ளிவிட்டான். சாயங்காலம் வீடு இருந்த இடத்தில் நாலைந்து கோழிகள் மேய்ந்தன.

"பாத்தியா, ஒரே மத்தியானம்! நீயும் மாசக்கணக்கா காத்துக்கிட்டு கெடக்கிற."

"நீ வித்தது பலகை. நான் விக்கப்போறது வீடு."

சும்மா சொல்லவில்லை அவள். மீன் சந்தையில் பறக்கும் மீனுக்கு முள் எடுத்துச் சம்பாதித்த காசில் எழுந்த வீடு அது. நடுவில் கதவு, இருபக்கமும் ஜன்னல் என்று முதலில் முன்கட்டு வந்தது. கனடாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போன கணவன் அங்கேயே யாரோடோ ஒட்டிக்கொண்டான். அவன் போன சூட்டோடு இவள் பின்கட்டை எழுப்பினாள். ஆண்துணை இல்லாத வீடு சரிந்துவிடும் என்று சொன்னவர்களுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது? மகள் பிறந்ததும் படித்ததும் அந்த வீட்டில்தான், கல்யாணக்கோலத்தில் இறங்கியதும் அதன் வாசற்படியில்தான். எத்தனை புயல் வந்தும் ஒரு தகரம் பறக்கவில்லை. அந்தக் கர்வம் டொரெட்டாவுக்கு நிறையவே உண்டு, இருக்கட்டுமே.

வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஒருவன் கோழி அடைக்கக் கேட்டான். வாசற்படியிலேயே திருப்பி அனுப்பினாள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்து, அப்பா ஊருக்குத் திரும்பி வந்த ஒருவன், வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கடல் தெரியுது, பலாமரம் இருக்கு, பிரமாதம்!" என்றான்.

"தம்பி, கடலும் மரமும் என்னோடது இல்ல. கதவு, சுவர், கூரை, அவ்ளோதான். லாரி கொண்டாந்தியா?"

அவன் ஏதோ ஜோக் என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் காரைக் கிளப்பினான். கிளைடு கடைக்குள் விழுந்து விழுந்து சிரித்தது தெருவுக்கே கேட்டது.

திருவிழா மேளம் கேட்கத் தொடங்கியது. ஏற்கெனவே ஒரு முறை அவள் திருப்பி அனுப்பியிருந்த பலகைக்காரன் விலையை ஏற்றிக்கொண்டு மறுபடி வந்தான். மகள் போனில், "குடுத்துத் தொலையேம்மா, மரம்தானே!" என்றாள். டொரெட்டா போனை வைத்துவிட்டு வெகுநேரம் கதவில் சாய்ந்து நின்றாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பலகைக்காரனிடம் முடியாது என்றுதான் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் மினிபஸ் ஓட்டுகிற ரோஷெல் வந்தாள். இடுப்பில் குழந்தை. பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை, கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். காற்று உள்ளே வந்து குழந்தையின் முடியைக் கலைத்தது.

"ஆன்ட்டி, மேட்டுப்பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு இடம் இருக்கு. ஆனா அங்க ரோடு மேற்கால. வீட்ட எந்தப் பக்கம் திருப்பி வெச்சா இதே காத்து வரும்?"

இத்தனை நாளாக யாரும் கேட்காத கேள்வி. டொரெட்டாவும் ஜன்னலருகே வந்தாள்.

"காத்து கெழக்கேருந்து வருது. ரோட்டுக்கு முதுகக் காட்டி வையி. யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்."

பலகைக்காரன் சொன்னதைவிடக் குறைவாகத்தான் ரோஷெலால் கொடுக்க முடிந்தது. டொரெட்டா பேரம் பேசவில்லை. அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கழற்ற ஆரம்பித்தார்கள். ரோஷெலின் அண்ணன்மார் ஒவ்வொரு சுவராக லாரியில் ஏற்றினார்கள். ஆனால் அவர்களுக்கும் முன்னே சுத்தியலோடு முதல் ஆளாக வந்து நின்றவன் கிளைடுதான். "வேற வேலை இல்ல, அதான்," என்றான். மேட்டில் கல் அடுக்கி, சுவர் நிறுத்தி, கூரை பூட்டி, கடைசியில் ரோஷெல் வாங்கி வைத்திருந்த மஞ்சள் பெயின்டையும் பூசி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. டொரெட்டா எட்டி நின்று பார்த்தாள். அப்படியே, கம்பீரமாக நின்றது.

சர்ச்சிலிருந்து திரும்பிய ஒரு பெண்மணி நின்று பார்த்தாள்.

"அடேயப்பா! புது வீடா?"

கிளைடு வாயைத் திறந்தான். டொரெட்டா அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "புதுசுதான். இன்னிக்குக் காலையிலதான் ஆரம்பிச்சோம்."