நகம் கேட்டு வந்த அண்ணி

எங்கள் அண்ணிக்குத் தெருவில் வைத்த பெயர் நகவெட்டி. தண்ணீரில் ஆர்சனிக் விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை. வீடு வீடாகப் போய் அடிபம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பாள். வீட்டில் இருப்பவர்களின் கை, கால் நகத்தை வெட்டிச் சின்ன உறையில் போட்டுக்கொள்வாள். குடித்த விஷம் நகத்தில் போய்த் தங்குமாம். வெட்டிவிட்டுப் பாலிஷும் போட்டுவிடுவாயா என்று கேலி செய்யாத ஆளில்லை. முதலில் காலைக் கழுவிவிட்டு வாருங்கள் என்பாள். கேட்டவர் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்.

விஷமுள்ள பம்புக்குச் சிவப்புப் பெயின்ட், நல்லதற்குப் பச்சை. டப்பாவோடு அவள் தெருவில் நுழைந்தாலே பாதிக் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

எங்கள் பிழைப்பு, பட்டறைத் தெருவில் அம்மா நடத்திய டீக்கடை. கடைக்குப் பின்னால் கட்டட ஓனர் போட்ட அடிபம்பு. தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். இருந்தும் அம்மா சும்மா விடமாட்டாள். அண்டாத் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுவாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. வீட்டிலும் அதைத்தான் குடித்தோம். உள்ளங்கை முழுக்கக் காய்ப்புக் காய்ப்பாக வந்ததை, அண்டாச் சூடு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அண்ணி எங்கள் நகத்தையும் விட்டுவைக்கவில்லை. முடிவு வந்தபோது, தெருவிலேயே அதிகம் எங்கள் வீட்டில்தான். அதிலும் அம்மாவுக்கு. காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி, விஷம்தான் மிஞ்சும், உள்ளங்கைக் காய்ப்பும் அதனால்தான் என்று அண்ணி சொன்னபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் டீயைக் குடித்து யாருக்கு என்ன ஆகிவிட்டது என்று அம்மா சீறினாள். தினமும் நம் கடையில் டீ குடிக்கும் பட்டறை வெல்டரின் கையைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள் அண்ணி.

வேறு இடம் கிடைக்கும்வரை நம் பம்பைத் தொடாதே, ஒரு ஈ காக்கா கடைக்கு வராது என்று அண்ணன் கெஞ்சினான்.

"ஊர் பம்புக்கெல்லாம் அடிச்சுட்டு நம்ம பம்பை விட்டா, நாளைக்கு எந்த மூஞ்சியோட போய் நகம் கேப்பேன்?" என்றாள் அண்ணி.

மறுநாள் கடையில் கூட்டம் நிற்கும்போதே சிவப்பு அடித்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். கோபத்தில் வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். போனது வெல்டரிடம், அவர் கையைப் புரட்டிப் பார்க்க.

அவள் திரும்புவதற்குள் ஓனர் பச்சைப் பெயின்ட்டோடு வந்துவிட்டார். ஆராய்ச்சிக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளிக்கு என் கட்டடம்தான் கிடைத்ததா என்று கத்தினார். அண்ணி பம்பை மறித்துக்கொண்டு நின்றாள். விலகாவிட்டால் இன்றைக்கே கடையைக் காலி செய்யுங்கள் என்றார்.

அம்மா வந்தாள். அண்ணியின் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். போச்சு, மருமகளைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அம்மா ஓனருக்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள்.

"மொதல்ல இதுக்குப் பச்சை அடிங்க. அப்புறம் பம்புக்கு அடிக்கலாம்."

அண்ணி பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாள்.

"நீங்களும் தினம் இங்கதானே சார் டீ குடிக்கிறீங்க? கையை நீட்டுங்க."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.